குச்சியிலிருந்து உருவிய கோழி

ஹகாதா நகரில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை முடிந்ததும், ஆற்றங்கரைத் தள்ளுவண்டிக் கடையில் வந்து உட்கார்ந்தார் இசொகாய். மனைவியைக் கொழுந்தியாள் வீட்டில் விட்டுவிட்டு வந்த முதல் வெளியூர் வேலை. ஒருவேளையாவது நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்றிருந்தார். சுட்ட கோழி வந்ததும், கை தானாகவே துண்டுகளைக் குச்சியிலிருந்து உருவத் தொடங்கியது.

“என்னங்க, மெனக்கெட்டுக் கோத்துச் சுட்டா, இப்படிப் பிரிச்சுப் போடறீங்க?” என்றாள் கடைக்காரி.

பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்தவர் இசொகாயின் கம்பெனிச் சட்டையைப் பார்த்தார். “லிஃப்ட்காரரு அக்கா. எதையும் கழட்டாம விடமாட்டாரு!”

இசொகாய்க்குச் சிரிக்கவும் அலுப்பாக இருந்தது. “வீட்டுக்காரிக்கு வலது கை வராதும்மா. நாலு வருஷமா உருவிக் குடுத்தே பழகிப்போச்சு.”

கடைக்காரி அடுத்த குச்சியைத் தட்டில் வைக்காமல் அவர் கையிலேயே கொடுத்தாள். “இது உங்களுக்கு. அப்படியே கடிங்க.”

கடித்தார். உப்பும் புகையுமாக நாக்கைச் சுட்டது. நன்றாகத்தான் இருந்தது. குச்சி காலியான பிறகுதான், தின்ற நேரம் முழுக்க மனைவியின் நினைவே வரவில்லை என்பது உறைத்தது. கடைக்காரி இன்னொன்றை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை, வாங்கிக்கொண்டார்.