சாமி குடித்த மீனெண்ணெய்

எனக்கு வயது தொண்ணூற்று ஒன்று. பெற்றது ஆறு, வளர்த்தது ஒன்பது. கூடுதல் மூன்றும் கொழுந்தனார் பிள்ளைகள். ஒன்றுக்கும் கண்ணில் குறை கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் கதை வேறு. வெள்ளைக்காரன் சீமையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் எனக்குக் கல்யாணம். எங்கள் மலையிலேயே குண்டூர் நாட்டிலிருந்து இரண்டு மேடு தாண்டி வாழ வந்தேன். மனுசன் பகலில் புலி. பலா மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க ஏறினால், உச்சியில் இருந்தபடியே கீழே போகிறவர் யார் என்று சொல்லிவிடுவார். பொழுது இறங்கினாலோ சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். மாலைக்கண். கல்யாணத்துக்கு முன் ஒருவரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் உச்சி வெயிலில் வந்து, வெயில் தாழுமுன் ஓடிய காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் என் அப்பா வந்தார். ‘ஏனுங்க, எங்கப்பா வாராருங்க’ என்றேன். இவர் பதறி எழுந்து, வாசலில் கட்டியிருந்த எருமையின் முன் போய்க் கை கூப்பி நின்றார்.

‘வாங்க மாமா! ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா?’

எருமை பெருமூச்சு விட்டது.

‘மேடேறி வந்த களைப்புங்களா? உக்காருங்க மாமா, தண்ணி கொண்டாரச் சொல்றேன்.’

அப்பா பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். மறுநாள் விடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

‘எருமைக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாதவங்கிட்ட உன்னைய உட்டு வெக்க மாட்டேன் அம்மிணி. மாரியம்மன் நோம்பி பாக்க வாரேன். பொழுது சாஞ்சுதான் வருவேன். அப்பவும் இப்பிடியே தடவிக்கிட்டு நின்னாருன்னா, துணிமணிய எடுத்துக்கிட்டு எங்கூடக் கிளம்பிரு.’

எங்கள் மலையில் பெண் திரும்பிப் போவது பெரிய அதிசயமில்லை. பெரியவர்கள் கூடிப் பேசினால் முடிந்தது. ஆனால் எனக்குப் போக மனமில்லை. அந்த மனுசனை எனக்குப் பிடித்திருந்தது. எருமையிடமே அவ்வளவு மரியாதையாகப் பேசுகிற ஆள் வேறெங்கே கிடைப்பார்?

இவரைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கினேன். அப்போது ரோடு ஏது, ஒற்றையடிப் பாதைதான். அங்கே ஒரு டாக்டர் வருவார். இமையை இழுத்துப் பார்த்தார். விழியோரத்தில் சோப்பு நுரை மாதிரி வெள்ளை படிந்திருந்தது.

‘என்னம்மா சாப்பிடுறீங்க?’

‘சாமைச் சோறுங்க, கிழங்குங்க, கீரைங்க.’

‘கீரைக்கு எண்ணெய் ஊத்துவியா?’

‘எண்ணெய் தலைக்கும் விளக்குக்குமுங்க. கீரைக்கு எதுக்குங்க? அதுக்கென்ன சடையா பின்றோம்?’

டாக்டர் சிரித்தார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். ‘கீரையில இருக்கிற கண்ணுச் சத்து தண்ணியில கரையாதும்மா. எண்ணெயோ நெய்யோ இருந்தாத்தான் அதோட சேர்ந்து உடம்புக்குள்ள நல்லாப் போகும். இல்லேன்னா பெரும்பாலும் வெளியே போயிரும். உள்ள போனது ஈரல்ல தங்கி, வேணுங்கிறப்ப கண்ணுக்கு வரும். மங்கல்ல பார்க்கிறதுக்குக் கண்ணுக்குள்ள ஒரு சாயம் இருக்கு. வெளிச்சம் பட்டா அது வெளுத்துப்போகும்; இந்தச் சத்து இருந்தாத்தான் மறுபடி ஊறும். இவருக்கு ஊறவே மாட்டேங்குது.’

சுறா மீனின் ஈரலில் எடுத்த எண்ணெய் என்று ஒரு பாட்டில் கொடுத்தார். ‘சோறு தின்னதும் ஒரு சின்னக் கரண்டி. மருந்துதானேன்னு மடமடன்னு குடிச்சிராதீங்க. மிஞ்சினது மூத்திரத்துல போகாது; ஈரல்லயே குமிஞ்சு கெடுதல் பண்ணும்.’

‘இது கிடைக்காட்டி என்னங்க பண்றது?’

‘ஆட்டு ஈரல் தின்னச் சொல்லு.’

வீட்டுக்கு வந்து பாட்டிலை உறியில் வைத்துவிட்டு விறகுக்குப் போனேன். எங்கள் வீட்டு முறை ஒன்று உண்டு. எந்த எண்ணெய் புதிதாக வந்தாலும் முதல் ஊற்று கருப்பனார் கோயில் விளக்குக்கு. மாமியார் முறை தவறாதவர். கோயில் விளக்கு பெரியது. அவர் கையும் பெரியது. திரி போட்டு ஏற்றிவிட்டு வந்தார்.

நான் விறகோடு திரும்பும்போது ஊர்ப் பூனைகள் மொத்தமும் கோயிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. பூசாரி மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார். ‘எவடி கோயில்ல கருவாடு சுட்டவ?’

‘கருவாடில்லீங்க, எம்பையன் கண்ணு மருந்துங்க’ என்றார் மாமியார்.

‘சாமி கிடா கேட்டாரு, சேவல் கேட்டாரு. மருந்து எப்பக் கேட்டாரு?’

‘வேண்டி வேண்டி வருசமாச்சு, எங்களைக் கண்டுக்கவே இல்ல. அவருக்கும் மாலைக்கண்ணோ என்னமோ!’

பாட்டிலில் மிஞ்சியது பத்து நாளைக்குக் கூடத் தேறாது. மறுபடி இறங்கிக் கேட்டால், சண்டைக் காலம், இனி எப்போது வருமோ என்றார் டாக்டர். நோம்பி நெருங்கிவிட்டது.

அந்த வாரம் கருப்பனாருக்குக் கிடா வெட்டினார்கள். கோயில் கிடாவின் ஈரல் பூசாரி பங்கு. நான் நேரே போய் நின்றேன்.

‘எங்க ஊட்டு மருந்தைச் சாமி குடிச்சிருச்சுங்க. பதிலுக்கு ஈரலைக் குடுங்க.’

‘அதெப்பிடி? எங்கப்பன் காலத்துல இருந்து ஈரல் எங்குளுது!’

‘சரிங்க. அப்ப பாட்டில்ல இருக்கிறதையும் சாமி விளக்குக்கே ஊத்தச் சொல்லீர்றேன்.’

பூசாரி, இன்னும் கோயிலை விட்டுப் போகாத பூனைகளைப் பார்த்தார். ஈரலை இலையில் வைத்து நீட்டினார்.

நல்லெண்ணெய் விட்டு வதக்கி, அன்றைக்குப் பாதி, மறுநாள் பாதி கொடுத்தேன். அது முதல் கீரைக்கும் எண்ணெய் ஊற்றினேன். ‘கீரை தின்னுது எண்ணெய, நாம எதத் திங்கிறது?’ என்று மாமியார் முணுமுணுத்தார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கும் பேத்தி இங்கே குறுக்கிட்டு, ‘அது வைட்டமின் ஏ, அம்மாயி. எலும்புக்கு டி, ரத்தம் உறையக் கே, அப்புறம் ஈ, எல்லாமே கொழுப்புலதான் கரையும்’ என்கிறாள். இருக்கட்டும். பேர் தெரியாமலே நான் ஒன்பது பேருக்கு ஊட்டியிருக்கிறேன்.

நோம்பியன்று பொழுது சாய்ந்தது. இவர் வாசலில் நின்று மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘உங்கப்பன் வாராரு. குடுமி அவுந்து தொங்குது’ என்றார்.

நான் அழுதுவிட்டேன். இவர் அதைக் கவனிக்காமல் கத்தினார். ‘மாமா! இடப்பக்கம் வராதீங்க, சாணிக்குழி!’

‘எங்க?’ என்றார் அப்பா, முழங்கால் வரை உள்ளே இறங்கியபடி.

தண்ணீர் ஊற்றிக் கால் கழுவிவிட்டேன். அவர் தலை நிமிரவில்லை. ‘அம்மிணி, இந்த மழைக்காலத்துல இருந்து எனக்கும் பொழுது சாஞ்சா ஒன்னும் வெளங்க மாட்டேங்குது. வெளிய சொல்லிராத’ என்றார் மெதுவாக.

சோறு போட்டேன். மாமனாரின் கீரையில் இவர் தாமே எண்ணெய் ஊற்றினார்.

‘கீரைக்கு எதுக்குங்க மாப்பிள்ளை எண்ணெய்?’

‘பேசாமத் தின்னுங்க மாமா.’

என்னைக் கூட்டிப்போக வந்த அப்பா, அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டிலேயே தின்றுவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு தனியாக நடந்து ஊர் போனார்.

ஏஞ்சாமி, எம்பேத்தி, எங்கப்பன் குழியில விழுந்ததைச் சிரிச்சுக்கிட்டே எழுதினியே, ரொம்பக் கேவலமா எழுதிப்போட்டியா? எங்கே, முதல்ல இருந்து படி, கேக்கறேன்.