மீனலோசனி வீட்டு ராட்டை

பவுனம்மாளை எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. அதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். பிரிக்பீல்ட்ஸ் கூலி லயத்திலிருந்து வந்தவள் எங்கள் கையைப் பிடித்துத் திருத்துகிறாளே என்ற எரிச்சல்தான்.

அது 1932, மலாயாவில். கனகசபை ரயில்வே அலுவலகத்தின் பெரிய கிளார்க். என் கணவர் சீவரத்தினம் அவருக்குக் கீழே. கனகசபையின் மனைவி மீனலோசனி யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் கம்பளி பின்னக் கற்றவள். சனிக்கிழமை மத்தியானமும் ஞாயிறு முழுவதும் அவளோடு சேர்த்து நாங்கள் நாலு பேர் அவள் வீட்டில் உட்கார்ந்து பின்ன வேண்டும். இந்த வெக்கையில் கம்பளித் தொப்பி யாருக்கு என்று கேட்கக்கூடாது. ஒருத்தி ஒரு கண்ணியை விட்டுவிட்டால் மற்றவர்களுக்கு ஒரு வாரம் பேசுவதற்கு விஷயம் கிடைத்துவிடும். சிநேகிதிகள் என்று சொல்லிக்கொண்டோம்.

அந்த வருஷம் மீனலோசனியின் தம்பி மதராசிலிருந்து ஒரு ராட்டை வாங்கி வந்தான். சீமையில் பெரிய இடத்துப் பெண்கள்கூட நூற்கிறார்களாம், நாமே நூற்று நாமே பின்னலாம் என்று அவளுக்கு ஆசை பிடித்துவிட்டது. கதர், காங்கிரஸ் என்பதெல்லாம் அவள் மண்டையில் ஏறவில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்குகிற வீட்டின் கூடத்தில் அதை நட்ட நடுவில் வைத்தாள். எங்களுக்கோ நூற்கத் தெரியாது. சாண் நீளம் வருவதற்குள் நூல் அறுந்தது.

விசாரித்ததில் பவுனம்மாள் கிடைத்தாள். திருப்பூர்ப் பக்கம் பிறந்து சிறு வயதிலேயே நூற்றவள். தாய் தகப்பன் போனபின் பதினாலு வயதில் சித்தப்பனோடு கப்பலேறி, கிள்ளான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள். பிறகு ரயில் பட்டறையில் வேலை பார்த்த இராமலிங்கத்தைக் கட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வந்தாள். இரண்டு பெண்பிள்ளைகள்.

ரப்பர் விலை விழுந்து, வேலையில்லாதவர்களைக் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பட்டறையிலும் ஒரு லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்தது. எழுதுகிறவர் கனகசபை, கையெழுத்துப் போடுகிறவர் வெள்ளைக்காரத் துரை. நாகப்பட்டினத்தில் இறங்கினால் பவுனம்மாளுக்குப் போய் நிற்க ஒரு வாசல் கிடையாது. மீனலோசனிக்கு அது தெரியும்.

“உன்ரை மனுசன்ரை பேரை லிஸ்டிலை போடவேண்டாமெண்டு இவரிட்டைச் சொல்லுறன். நீ எங்களுக்கு நூற்கக் காட்டித் தா” என்றாள்.

பவுனம்மாள் சனிக்கிழமை எங்களுக்கு முன்பே வந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. அவளுக்குத் தகரக் குவளையில், அதுவும் பின்வாசலில். குடித்துவிட்டு அவளே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ராட்டைக்கு முன் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிட்டாள். பஞ்சை இறுக்கிப் பிடிக்காதீங்க, சக்கரத்தோட சண்டை போடாதீங்க என்று மீனலோசனியையே அதட்டினாள். மீனலோசனிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஆனால் அன்று சாயங்காலம் என் கையில் முழம் நீளத்துக்கு அறாமல் நூல் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குழந்தைபோலச் சந்தோஷப்பட்டேன்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்குத் துரையின் மனைவி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குப் பின்னிய தொப்பிகளைப் பார்க்க வருவதாக என்றோ சொன்னவள், சொல்லாமல் கொள்ளாமல் அன்று வந்து நின்றாள். தொப்பியை அவள் பார்க்கவே இல்லை. ராட்டையைப் பார்த்தாள். அதைச் சுற்றுகிறவர்கள் யார் என்று அவளுக்குப் பத்திரிகையில் படித்தே தெரியும். இது யாருடையது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மீனலோசனியின் முகத்தில் ரத்தம் இல்லை. பவுனம்மாளை நோக்கி விரலை நீட்டி, இந்தப் பெண் கொண்டுவந்தது என்றாள்.

பவுனம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது, விரல் தெரிந்தது. துரைசானி அவளிடம் திரும்பி மலாயில் கேட்டாள். பவுனம்மாள் எழுந்து நின்று, பயந்தாலும் தெளிவாகவே சொன்னாள்.

“புக்கான் சாயா புன்யா, மேம். இனி ரூமா புன்யா.”

என்னுடையது இல்லை, இந்த வீட்டுடையது. உள்ளதைத்தான் சொன்னாள். துரைசானி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

உண்மையைச் சொன்னால் கனகசபைக்கு வேலை போகலாம். போகாவிட்டால் அவர் என் கணவரைச் சும்மா விடமாட்டார். இவ்வளவையும் நான் யோசித்து முடிக்கக் கண்மூடித் திறக்கும் நேரம்கூட ஆகவில்லை. நானும் பவுனம்மாளைக் கைகாட்டி, அவளுடையதுதான் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். மற்ற இருவரும் தலை நிமிராமல் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

துரைசானியின் கார் தெருவைத் தாண்டியதும் மீனலோசனி ராட்டையைக் கோடாலியால் பிளந்து அடுப்பில் வைத்தாள். எனக்கு இன்னொரு கோப்பை தேநீர் கொடுத்தாள்.

பத்து நாளில் லிஸ்ட் வந்தது. முதல் பெயர் இராமலிங்கம். துரையே கூப்பிட்டுச் சேர்க்கச் சொன்னாராம்.

பவுனம்மாள் மீனலோசனி வீட்டுக்குப் போகவில்லை. என் வீட்டுக்கு வந்தாள். அழுவாள், காலில் விழுவாள் என்று நினைத்து அதற்கும் எரிச்சல்படத் தயாராக நின்றேன். அவள் படியேறக்கூட இல்லை.

“அந்தம்மா பயந்துபோய்ச் சொன்னாங்க, அது கெடக்குது. உங்களைத்தான் கேக்க வந்தேன். உங்களை யாரு மெரட்டுனா?”

யாரும் மிரட்டவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவள் போகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். வெகுநேரம் கேட்கவில்லை.

பவுனம்மாள் குடும்பத்தில் நாலு பேரையும் ஒரு வெள்ளிக்கிழமை போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலேற்றினார்கள். மறுநாள் சனிக்கிழமை. நான் பின்னப் போனேன்.