பழுப்பேறிய விரல்கள்

தோல்காரர்கள் எதையும் கண்ணால் மட்டும் பார்த்து நம்பிவிட மாட்டார்கள். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலை பார்த்த அந்த மனிதரும் அப்படித்தான். எது கைக்கு வந்தாலும் இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். ஆவாரம்பட்டைச் சாயம் ஏறி அவர் கைகள் முழங்கை வரை பழுப்பேறியிருக்கும்.

அவருடைய பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களின் வாத்தியார் என்ற முறையில் காரணம் கேட்கப் போனேன். அவர் ஒரு பழைய பத்திரிகையை எடுத்து, அதன் ஓரத்தைத் தேய்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“இத்தப் படிங்க வாத்தியாரே.”

தோல் ஷாப் தொழிலாளி ஒருவர் விஷக்காய்ச்சலில் இறந்ததாக நான்கு வரிச் செய்தி.

“அவன் என் தம்பி. தோல் ஊறப்போடற சுண்ணாம்புத் தொட்டில வுழுந்து செத்தான். இந்தக் கையாலதான் தூக்குனேன். இத்த எழுதுனவன் படிச்சவன்தானே? இப்டி எழுதறதுக்கு என் பசங்க இன்னாத்துக்குப் படிக்கணும்?”

அந்தப் பத்திரிகைக்கு ஆம்பூர்ச் செய்தி அனுப்புகிறவன் நான்தான். ஷாப் மேனேஜர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பியிருந்தேன். தொட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பத்திரிகையைத் திருப்பி நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. என் கையைப் பிடித்து, மைக்கறை படிந்த விரலை மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார். பிறகு வேலைக்குப் போய்விட்டார்.

எழுதியவன் நான் என்று தெரிந்துதான் என்னிடம் படிக்கக் கொடுத்தாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த விரலை மட்டும் அன்று பலமுறை கழுவினேன்.