காவல் நிலையத்தில் விட்டுவந்த நகல்

1984 பிப்ரவரியில், திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ‘ஷாப்’ தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் தடியடிபட்டு ஒருவர் இறந்தார். அவருடைய அடக்க ஊர்வலத்தில் ஆர்மோனியம் வாசித்த ரோசலின்மீது கலவர வழக்குப் பதிவாயிற்று. ஆசிரியரின்றிப் புத்தகங்களைக் கொண்டே பியானோ பயின்று, கன்னியர் பள்ளியில் கற்பித்துவந்தவள் அவள். தினமும் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திடும் நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்தது. வழக்கு முடியும்வரை பியானோவைத் தொடக் கூடாதென்று பள்ளி கடிதம் கொடுத்தது. அதையும் தேதியிட்டுக் கோப்பில் சேர்த்தாள்.

நவம்பரில் மதுரையில் பியானோ இறுதிநிலைத் தேர்வு. தேறினால் ஊட்டிப் பள்ளியொன்றில் வேலை. வீட்டிலிருந்ததோ கை ஆர்மோனியம். இடக்கை துருத்திக்கே போய்விடும். ஆகவே தாய் லூர்தம்மாள் துருத்தியை அசைக்க, இரு கைகளாலும் பயின்றாள்.

"செத்த நேரம் நிறுத்துத்தா. ஒனக்குச் சங்கீதம், எனக்குத் தோள்வலி."

"இன்னும் ஒரு பக்கந்தேம்மா."

தேர்வு நாளுக்கு மட்டும் நீதிமன்றம் விலக்கு அளித்தது. உத்தரவின் நகலோடு நேரே பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் எதைக் கொடுத்தாலும், பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்காமல் அவளுக்கு மனம் ஆறாது. எட்டரை மணிக்கே நிலையத்துக்குப் போய் நகலை நீட்டினாள்.

ஏட்டு சுருளிவேல் அதைப் படிக்காமலே இன்ஸ்பெக்டரின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"கோர்ட்டு தபால் இன்னும் வரலையே. ஐயா வரட்டும், பாப்போம்."

"பன்னெண்டு மணிக்குப் பரீட்சை ஏட்டையா. அந்த நகலையாச்சும் திருப்பிக் குடுங்க."

"நீ வாசிக்கலைன்னா மதுரை முங்கிப் போயிருமாக்கும்? உக்காருத்தா."

பத்து அடித்தது. கையெழுத்தாவது போட்டுவிடலாமென்று பதிவேட்டைக் கேட்டாள். அதுவும் பூட்டியிருக்கிறது என்றார். நகலில்லாமல் வெளியேறினால் ஜாமீன் போகும்; உட்கார்ந்திருந்தால் தேர்வு போகும். பத்தேகாலுக்கு எழுந்தாள்.

"என்னத்தா, காயிதம் வேணாமா?"

"நீங்களே வச்சுக்கங்க. வாரேன்."

மதுரை வரை நின்றபடியே போனாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தேர்வறைக்குள் நுழைந்தாள். பியானோவைத் தொட்டு ஒன்பது மாதமாகியிருந்தது. கட்டைகள் விரலுக்குக் கனத்தன. முதல் பக்கத்தில் இடக்கை இருமுறை இடறியது. அதன்பின் இடறவில்லை.

மறுநாள் காலை, ஜாமீன் நிபந்தனையை மீறியதாகக் கைதானாள். விலக்கு அளித்த நீதிபதி விடுப்பிலிருந்தார். நீதிமன்றத்தின் வழக்குக் கட்டிலிருந்து மறு நகல் எடுத்து அவளை வெளியே கொண்டுவரப் பதினொரு நாளாயிற்று. தேறியதாகச் சான்றிதழ் வந்தது. சிறை சென்றவரைச் சேர்ப்பதற்கில்லை என்று ஊட்டியிலிருந்து கடிதமும் வந்தது.

1988இல் வழக்குத் தள்ளுபடியானதும் மீண்டும் ஊட்டிக்கு விண்ணப்பித்தாள். வயது வரம்பு கடந்துவிட்டதென்று ஒற்றை வரியில் பதில். மறு வாரம் ஏற்காட்டுப் பள்ளியொன்றுக்கு எழுதினாள்.