குப்பியின் கிழட்டு ஆமை

எங்கள் வீட்டில் பூட்டுப் போட்டுப் பாதுகாத்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு கிழட்டு ஆமை. திண்டுக்கல்லில் பூட்டுக்கா பஞ்சம்? அத்தாவின் தோல் மண்டிக் கதவில் தொங்கியதைவிடப் பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கி, கிணற்றடியில் இருந்த சிமெண்ட் தொட்டியின் கம்பிவலை மூடியில் மாட்டியிருந்தாள் குப்பி. குப்பி என்றால் அத்தாவின், அதாவது என் அப்பாவின், தங்கை. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு, உள்ளே நகைநட்டு ஏதும் இருக்கிறதோ என்று எட்டிப் பார்ப்பார்கள்.

பூனைக்குப் பயந்துதான் அந்தப் பூட்டு. பூனைக்குப் பூட்டெல்லாம் எதற்கு, ஒரு கொக்கி போட்டால் போதாதா என்று அத்தா சொல்லிப் பார்த்தார். குப்பி காதில் வாங்கவில்லை. சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். தூங்கும்போதுகூட அந்த முடிச்சை அவிழ்க்கமாட்டாள். அவள் பக்கத்தில் படுக்கிற எனக்குத் தெரியும். புரண்டு படுத்தால் சாவி என் விலாவில் குத்தும்.

அந்தக் காலத்தில் கிணற்றில் ஆமை விடுவது வழக்கம். பூச்சியையும் பாசியையும் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பார்கள். எரியோட்டில் குப்பி வாழப்போன வீட்டுக் கிணற்றில் இந்த ஆமையைக் கொண்டுவந்து விட்டவர் அவளுடைய வீட்டுக்காரர். அவர் மவுத்தான பிறகு குப்பி எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள், ஒரு தகரப்பெட்டியும் ஒரு வாளியுமாக. வாளிக்குள் ஆமை. எங்கள் கிணற்றிலும் அது கொஞ்ச காலம் உத்தியோகம் பார்த்தது. பிறகு கண்ணில் பூ விழுந்து, நீந்தத் தெம்பில்லாமல் கிணற்றுச் சுவரை முட்டிக்கொண்டே கிடந்தது. குப்பி அதை மேலே தூக்கித் தொட்டியில் விட்டு, ரிட்டயர் ஆக்கினாள்.

ரிட்டயர் ஆனவர்களைச் சாப்பிடவைப்பது லேசுப்பட்ட காரியமா? வாழைப்பழத்தை மசித்துத் தரவேண்டும். கீரைத்தண்டை வேகவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஈரல் வாங்கினால் பொடிப்பொடியாக நறுக்கியது முதலில் தொட்டிக்குப் போகும், மிச்சம்தான் எங்களுக்கு. காலையில் இளவெயில் காட்டவேண்டும். உச்சிவெயில் ஏறுமுன் ஈரச்சாக்கால் மூடவேண்டும். முதுகைத் தேங்காய் நாரால் தேய்த்துவிடுவது என் வேலை. கோடையில் கிணறு அடிமண்ணைக் காட்டுகிற நாட்களிலும் ஆமைக்கு மட்டும் தினம் புதுத் தண்ணீர். அதனால் எனக்குக் குளியல் இல்லாமல் போன நாட்களும் உண்டு. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

குப்பிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. மறுநிக்காஹ் பேசி யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்வாள்.

"ஆமைய யாருண்ணே பாக்குறது?"

அத்தாவுக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும். எனக்கோ நிம்மதியாக இருக்கும். குப்பி போய்விட்டால் எனக்கு யார் தலைபின்னி விடுவது? யார் பக்கத்தில் நான் படுப்பது? ஆமை நூறு வருஷம் இருக்கவேண்டும் என்று நான் துஆ கேட்டதெல்லாம் அதன் மேல் இருந்த பாசத்தால் மட்டுமல்ல.

அப்படியிருக்கும்போதுதான் செம்பட்டியிலிருந்து ஒரு வெங்காய வியாபாரி பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். மனைவியை இழந்தவர், நல்ல மாதிரி என்றார்கள். அத்தா எங்களை எல்லாம் கூட்டி உத்தரவு போட்டார்.

"யாரும் ஆமைப் பேச்ச எடுக்கக் கூடாது. வீட்டுக்கு ஆமை வந்தா ஆகாதுன்னு நெனைக்கிறவுகதான் அதிகம். கேட்டா எந்திரிச்சுப் போயிருவாக."

அது உண்மைதான். எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்க வருகிற தெருக்காரர்களே அப்படித்தான். ஆமை கிணற்றுக்குள் இருந்தவரை அவர்களுக்குப் பிடித்திருந்தது. மேலே தொட்டிக்கு வந்த நாளிலிருந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள்.

அத்தா சொன்னதைக் கேட்டதும் எனக்கு வழி புலப்பட்டுவிட்டது. வருகிறவருக்கு ஆமையைக் காட்டிவிட்டால் போதும், குப்பி எங்கும் போகமாட்டாள். ஆனால் சாவிக்கு எங்கே போவது?

அவர்கள் வருகிற நாள் காலையில் குப்பி என்னைக் கூப்பிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"தண்ணிய நீயே மாத்திரு புள்ள. சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்."

அல்லாவே என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

செம்பட்டிக்காரர் தன் அக்காவோடு வந்தார். ஒல்லியான மனிதர். அத்தா மட்டும் பேசிக்கொண்டிருந்தார். பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கைகழுவ அவர் கிணற்றடிக்குத்தான் வந்தாக வேண்டும். நான் முன்னாலேயே பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"இது எங்க குப்பியோட ஆமை. நிக்காஹ் ஆனா இதும் கூட வரும்" என்றேன். பயம் காட்டுவதற்காக, அதைப் பார்த்துக்கொள்ளும் சிரமங்களை எல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் குத்தவைத்து உட்கார்ந்து, கை கழுவுவதையும் மறந்து கேட்டார்.

"பழத்த மசிச்சுத்தான் குடுக்கணுமா பாப்பா?" என்று கேட்டபடி விரலைத் தண்ணீருக்குள் நீட்டினார்.

பார்வையில்லாத ஆமைக்குப் பிரியாணி வாசம் போதாதா? லபக்கென்று விரலைப் பிடித்துக்கொண்டது. அதன் தாடையில் அம்புட்டு வலு இருக்குமென்று எனக்கே தெரியாது. அவர் முகம் வெளிறியது. அத்தா ஓடிவந்தார், பின்னாலேயே அந்த அக்காவும் வந்தார்.

"அய்யய்யோ, ஆமையவுல்ல வச்சிருக்காக! எந்திரிடா, போகலாம்!"

எனக்கு உள்ளுக்குள் பெருநாள். அத்தா ஒரு குச்சியை எடுத்து ஆமையின் வாயை நெம்பப் போனார். செம்பட்டிக்காரர் மற்ற கையால் தடுத்தார்.

"குச்சியெல்லாம் வேணாங்க, வயசான சீவன். செத்த இருங்க, அதுவா விடும்."

அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் அக்கா திட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆமைக்கே சலித்துப்போய் விட்டுவிட்டது. பின்கட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் குப்பி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"எங்க கெணத்துல ஆமை இல்ல. இதும் வரட்டும்" என்றார் அவர், விரலைத் துணியால் சுற்றிக்கொண்டே.

அத்தா திரைப்பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்ற?" என்றார். ஆமையை யார் பார்ப்பது என்று குப்பி இப்போது கேட்பாள், கேட்பாள் என்று நானும் நின்று பார்த்தேன். அவள் கேட்கவே இல்லை.

நிக்காஹ் முடிந்து வாடகைக் காரில் கிளம்பியபோது மாப்பிள்ளையின் மடியில் வாளி இருந்தது. நான் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. குப்பியை விட்டுவிட்டு ஆமையைத்தான் திட்டினேன், நன்றி கெட்ட ஆமை என்று. விரலை இன்னும் கொஞ்சம் பலமாகக் கடித்திருக்கக் கூடாதா?

லீவுக்குச் செம்பட்டி போனேன். மாமா கிணற்றடியில் உட்கார்ந்து வாழைப்பழம் மசித்துக்கொண்டிருந்தார். புதுத் தொட்டி, புது மூடி. மூடியில் ஒரு கொக்கி மட்டும்தான் இருந்தது.

"பூட்டு எங்க குப்பி?" என்றேன்.

"பூனைக்கு எதுக்குடி பூட்டு?" என்று சிரித்தாள்.

நான் வாயாடியதால்தான் குப்பி போய்விட்டாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். தூக்கத்தில்கூட அவிழாத முந்தானை முடிச்சை, நான் கேட்காமலே, அன்று காலையில் மட்டும் அவள் எதற்கு அவிழ்த்தாள் என்று அந்த வயதில் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.