மூடாத மூடி

என் கணவர் வயல்காட்டில் வளர்ந்தவர். நத்தையைத் தொட்டுப் பார்த்தே உயிர் இருக்கிறதா, இல்லையா என்று சொல்லிவிடுவார். தொட்டவுடன் வாயிலுள்ள வட்ட மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டால் உயிரோடு இருக்கிறது. மூடி திறந்தபடியே கிடந்தால் செத்தது, குழம்புக்கு ஆகாது. மன்னார்குடிப் பக்கம் நத்தை சமைக்கிற வீடுகளில் இதுதான் சோதனை.

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். என் பைத்தியம் கூம்பு நத்தைகள். நாகப்பட்டினத்து விசைப்படகுகள் ஆழத்தில் வலை இழுக்கும்போது, வெளிச்சமே போகாத அடியிலிருந்து இவையும் மீனோடு ஏறிவிடும். தெரிந்த படகுக்காரர் ஒருவர் ஐஸ் பெட்டியில் போட்டு பஸ்ஸில் அனுப்புவார். எது எந்த இனம் என்று பிரிப்பது லேசான வேலை இல்லை. ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலை நீக்கினால்தான் புள்ளியும் கோடும் தெரியும். அவற்றையும் நம்ப முடியாது. கடைசியில் தீர்ப்பு சொல்வது அதன் பல்தான். கண்ணாடி ஊசி போன்ற அந்தப் பல்லைப் பாய்ச்சி, விஷம் ஏற்றித்தான் இது இரை பிடிக்கிறது. புழு தின்னும் இனத்தின் விஷம் மனிதரைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. மீன் தின்னும் இனமென்றால் மூச்சையே நிறுத்திவிடலாம்.

அன்று மத்தியானம் மழை; கரண்ட் இல்லை. பஸ்ஸில் வந்த நத்தைப் பெட்டியைக் கொல்லைப்புறம் வைத்துவிட்டுச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதருக்கு எதையும் தொடாமல் இருக்க வராது.

"எல்லாம் செத்துப்போச்சு. ஒண்ணுகூட மூடியைச் சாத்தல" என்று அவர் குரல் கேட்டது.

ஓடினேன். கூம்பு நத்தையின் மூடி நகத்துண்டு அளவுதான். அது எப்போதுமே வாயை மூடாது. ஐஸும் இதைக் கொல்லாது. குளிரும் இருட்டும்தான் இதன் ஊர். அவர் உள்ளங்கையில், நான் இதுவரை பார்த்திராத நீண்ட ஓடு ஒன்று கிடந்தது. அதன் கூரான முனையிலிருந்து நீண்டிருந்த சிவந்த குழல், அவசரமே இல்லாமல் அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கீழ போடுங்க!"

"ஏன் கத்துற? என்னமோ குத்துன மாதிரி இருந்துச்சு. வலியே இல்ல."

வலித்தது என்றிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். வலி தெரியாமல் மரக்கச் செய்யும் விஷம்தான் மூச்சை நிறுத்துவது. கையைத் துண்டால் கட்டி அவரைக் காரில் ஏற்றினேன். டாக்டரிடம் காட்ட, நத்தையை ஐஸோடு எவர்சில்வர் தூக்கில் போட்டுக்கொண்டேன். சாலையின் இருபுறமும் நட்ட வயல்களில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் நின்றது. என்னைத் திட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"உதடு மரத்துப்போன மாதிரி இருக்கு."

தூக்குக்குள் ஓடு உரசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் நத்தை குத்திவிட்டது என்றதும் நர்ஸம்மா சிரித்தேவிட்டார். "சாப்பாடா? இங்க இருக்கட்டும்" என்று தூக்கை வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்தார். டாக்டர் சிரிக்கவில்லை. என் கணவரின் இமைகள் சரிவதை அவர் பார்த்துவிட்டார்.

"எப்படிப்பட்ட விஷம்மா?"

"வகை தெரிஞ்சாதான் சொல்ல முடியும் சார். இது எந்த வகைன்னு எனக்கே தெரியல. இதுக்கு மாத்து மருந்து கிடையாது. மூச்சு நிக்காம பாத்துக்கங்க."

செயற்கைச் சுவாசத்துக்கு எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு டாக்டர் பக்கத்திலேயே நின்றார். நான் என் கணவரின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறும், அடுத்தது வருமா என்று தெரியாது. இத்தனை வருஷம் வாழ்ந்ததில் அந்த நெஞ்சை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கட்டிலுக்கடியில் அது உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். நான் வாய்விட்டு அழுதேன்.

அவர் விரலிலிருந்து எடுத்த பல்லைப் பிறகு நுண்ணோக்கியில் பார்த்தேன். முனையில் கொக்கி இருந்தது. மீன் தின்னும் இனம்தான். ஆனால் அந்தப் பல்லும் ஓடும் தெரிந்த எந்த இனத்தோடும் பொருந்தவில்லை. நத்தையைக் கடல்நீரில் போட்டு ஃப்ரிட்ஜில், மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒருநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது அவர் பின்னால் வந்து, தள்ளியே நின்றார்.

"மூடி திறந்தே இருக்கே. செத்துடுச்சா?"

"இல்லீங்க."

கதவைச் சாத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் பிடித்திருப்பது அந்த ஒரு விரலுக்கு மட்டும் இன்னும் தெரிவதில்லை.