அஷ்டமி பார்த்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்

மகளின் பிரசவத்துக்கு சிங்கப்பூர் போக, திருச்சியிலிருந்து மெட்ராஸ் வழியாக விமான டிக்கெட் வாங்கினேன். அன்றே பயண இன்ஷூரன்ஸும் கேட்டேன். எங்கள் ஸ்ரீரங்கத்து ஏஜென்ட், "இன்னிக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. தசமியன்னிக்குக் கையெழுத்துப் போடலாம் மாமி" என்றார். நானும் தலையாட்டினேன்.

நவமியன்று ரேடியோவில் புயல் எச்சரிக்கை. தசமியன்று அவர் கூசாமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டார். திருச்சி விமானம் ரத்தானது. மெட்ராஸில் பிடிக்க வேண்டிய சிங்கப்பூர் விமானமும் போயிற்று, டிக்கெட் வீண். நான் இல்லாமலே குழந்தை பிறந்தது.

நஷ்டஈடு கேட்டால், "எச்சரிக்கை வந்தப்புறம் எடுத்த பாலிசியில அந்தப் புயல் சேராது மாமி" என்கிறார்.

இப்போதெல்லாம் டிக்கெட் வாங்கும் நாளிலேயே, ராகுகாலமானாலும், வேறு ஆளிடம் பாலிசி எடுத்துவிடுகிறேன்.

போன வாரம் அந்த ஏஜென்ட் வாசலில் வந்து நின்றார். "இன்னிக்கு அஷ்டமி, உள்ளே வராதேள்" என்றேன்.

அன்று நல்ல முகூர்த்த நாள்.